கவர்ந்தது சரி, எப்படிக் கவர்ந்தது? ஃபேஸினேட்டிங், மெஸ்மரைஸிங், என்த்ராலிங்: எதை எங்கே போடுவது

சில வருஷங்களுக்கு முன்னால் நண்பர் ஒருவர் மேடையில் வயலின் வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்து, அன்று ராத்திரியே அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் அனுப்பினேன். உங்கள் வாசிப்பு ஃபேஸினேட்டிங்காக இருந்தது என்று எழுதியிருந்தேன். மறுநாள் போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன், பிடிக்கலையா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. அகராதியில் பார்த்தால் 'மனதைக் கவரும்' என்றுதானே போட்டிருக்கிறது? அவர் சொன்னார்: "பிடிச்சிருந்தா ஓகே. ஆனா அந்த வார்த்தை, நீ ஒரு பூச்சியை லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டு எழுதின மாதிரி இருக்கு."

அன்றைக்கு ஆரம்பித்த தேடல் இது. ஃபேஸினேட்டிங், மெஸ்மரைஸிங், என்த்ராலிங், ரிவெட்டிங், கிரிப்பிங், என்சான்ட்டிங், சார்மிங், கேப்டிவேட்டிங், ஸ்பெல்பைண்டிங் என்று ஆங்கிலத்தில் இந்த வரிசை நீண்டுகொண்டே போகும். நம் ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் பெரும்பாலும் இவை எல்லாவற்றுக்கும் 'கவரும்', 'வசீகரமான', 'மயக்கும்' என்ற மூன்று சொற்களையே மாற்றி மாற்றிக் கொடுக்கின்றன. அதை நம்பி ஏதோ ஒன்றை எடுத்துப் போட்டால் இலக்கணத்தில் தப்பு வராது, ஆனால் வாசிப்பவர் காதில் ஏதோ உறுத்தும்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. ஆங்கிலச் சொல்லைத் தேடுவதற்கு முன்னால், அந்தப் பாட்டோ பேச்சோ ஆட்டமோ என்னை என்ன செய்தது என்று தமிழில் ஒரு வினைச்சொல்லால் சொல்லிப் பார்ப்பது. சொக்க வைத்ததா? கட்டிப்போட்டதா? தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்ததா? கண்ணை எடுக்க விடவில்லையா? உள்ளே இழுத்துக்கொண்டதா? தமிழ் வினை சரியாக அமைந்துவிட்டால் ஆங்கிலப் பெயரடை பாதிக்குமேல் முடிவாகிவிடும். ஏனென்றால் அந்த ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வினை ஒளிந்திருக்கிறது, மூலத்தைத் தோண்டினால் அது வெளியே வரும்.

முதலில் என்னை மாட்டிவிட்ட ஃபேஸினேட்டிங்கையே எடுத்துக்கொள்வோம். இதன் வேர் லத்தீனில் மந்திரம் வைப்பது, கண் வைப்பது என்ற பொருள் கொண்ட வினை. ரோமானியர்கள் கண்ணேறு படாமல் இருக்கக் குழந்தைகளுக்கு ஃபாஸ்கினும் என்ற தாயத்தைக் கட்டிவிடுவார்கள், அதே சொல்தான். ஆங்கிலத்துக்கு வந்த பிறகும் ரொம்ப காலம், பாம்பு உற்றுப் பார்த்தால் பறவை அசையமுடியாமல் நின்றுவிடும் என்ற நம்பிக்கையைச் சொல்ல இதையே பயன்படுத்தினார்கள். இன்றைக்கு அந்த மந்திரமெல்லாம் ஆவியாகிவிட்டது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு விஷயம், பார்வையைத் திருப்ப முடியாத ஆர்வம். அந்த ஆர்வம் அறிவு சார்ந்தது. தேனீக்கள் ஆடி ஆடித் திசை காட்டிக்கொள்வது ஃபேஸினேட்டிங். ஒரு சொல் எங்கிருந்து எங்கே வந்தது என்ற வரலாறு ஃபேஸினேட்டிங். ஒரு அரிய நோயைப் பற்றி மருத்துவர் ஃபேஸினேட்டிங் என்று சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், ஏனென்றால் அதில் பிடித்திருக்கிறது என்ற பொருளே இருக்க வேண்டியதில்லை. அருவருப்பான ஒன்றும் ஃபேஸினேட்டிங்காக இருக்கமுடியும். என் நண்பருக்கு உறுத்தியது இதுதான். அவர் இசையைக் கேட்டு நான் உருகியதாகச் சொல்லவில்லை, அதை ஆராய்ந்ததாகச் சொல்லியிருக்கிறேன்.

அதற்கு நேர் எதிர்ப்பக்கம் மெஸ்மரைஸிங். இது ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது. ஃப்ரான்ஸ் அன்டோன் மெஸ்மர், 1734-ல் பிறந்த ஜெர்மானிய மருத்துவர். உயிர்களுக்குள் ஒருவிதக் காந்தம் ஓடுகிறது, அதைச் சரிசெய்தால் நோய் தீரும் என்று சொல்லி, 1778-ல் பாரிஸுக்கு வந்து வைத்தியம் செய்தார். பெரிய தொட்டி ஒன்றைச் சுற்றி நோயாளிகள் உட்கார்ந்து, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொள்வார்கள், பின்னணியில் மெல்லிய இசை வேறு. கூட்டம் அலைமோதியது. 1784-ல் மன்னர் பதினாறாம் லூயி ஒரு விசாரணைக் குழு அமைத்தார். பெஞ்சமின் ஃப்ராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியேவும் அதில் இருந்தார்கள். மெஸ்மரின் சீடர் ஒருவர் ஃப்ராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் 'காந்தம் ஏற்றி' வைக்க, கண்ணைக் கட்டிய ஒரு சிறுவனை மரம் மரமாக நடத்திக்கொண்டு போனார்கள். அவன் மயங்கி விழுந்தது காந்தம் ஏற்றாத வேறொரு மரத்தடியில். காந்தம் என்று ஒன்று இல்லை, வேலை செய்வது கற்பனைதான் என்று குழு எழுதிக்கொடுத்தது. மெஸ்மரின் வைத்தியம் போய்விட்டது, அவர் பெயர் மட்டும் சொல்லாக நின்றுவிட்டது.

அந்தச் சிறுவன் விழுந்தானே, அந்த மயக்கத்தை மனதில் வைத்துக்கொண்டால் மெஸ்மரைஸிங்கை எங்கே போடுவது என்பதில் குழப்பமே வராது. மூளை வேலை செய்வதை நிறுத்தி, கண்ணும் காதும் மட்டும் விழித்திருக்கும் நிலை அது. எரியும் நெருப்பு, கரையில் திரும்பத் திரும்ப வந்து மோதும் அலை, ஒரே தாளத்தில் சுழலும் நடனம், தாழ்ந்த ஒரு குரல். பெரும்பாலும் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வருவதாக இருக்கும், அல்லது மெதுவாக அசைவதாக இருக்கும். நம் 'சொக்க வைக்கும்' இதற்கு ரொம்ப நெருக்கம். ஒரு வாதத்தையோ ஆய்வுக் கட்டுரையையோ மெஸ்மரைஸிங் என்று சொன்னால் அது பொருந்தாது, ஏனென்றால் வாதம் என்பது யோசிக்க வைப்பது, சொக்க வைப்பது இல்லை. ஃபேஸினேட்டிங்கில் மூளை விழிக்கும், மெஸ்மரைஸிங்கில் மூளை ஓய்ந்துவிடும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த சொல், என்த்ராலிங். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசவேண்டும், தமிழ் எழுத்தாளர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது இதைத் தொடவே பயப்படுகிறார்கள் என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பழைய நார்ஸ் மொழியில் த்ரால் என்றால் அடிமை. வைக்கிங் காலத்து வீடுகளில் உழைத்த அடிமைகளுக்கு அந்தப் பெயர்தான், அங்கிருந்து அது பழைய ஆங்கிலத்துக்குள் வந்தது. ஆக என்த்ரால் என்றால் நேராகவே அடிமையாக்கு. இன்றும் ஒருவர் சூதாட்டத்துக்கோ இன்னொருவருக்கோ 'இன் த்ரால்' என்று எழுதுகிறார்கள், அவர் அதன் பிடியில் இருக்கிறார் என்ற பொருளில். ஆனால் பெயரடையாக என்த்ராலிங் ஆனவுடன் அந்த அடிமைத்தனம் இனிமையாகிவிடுகிறது. நாமே விரும்பிப் போய் மாட்டிக்கொண்ட சிறை மாதிரி. நம் பேச்சில் "அவர் குரலுக்கு நான் அடிமை" என்று சொல்கிறோமே, அதே மனநிலை. இதில் மூன்று விஷயங்கள் சேர்ந்து இருக்கவேண்டும் என்பது என் கணிப்பு: சந்தோஷம், நீளம், முழுமை. ஐந்து செட் வரை போய்க் கடைசி நிமிஷம் வரை யார் ஜெயிப்பார் என்று தெரியாத டென்னிஸ் ஆட்டம் என்த்ராலிங். இரண்டு மணிநேரம் நம்மை வேறு உலகத்தில் வைத்திருந்து கடைசியில் இறக்கிவிடும் நாடகம் என்த்ராலிங். பத்து வினாடி வீடியோவை இப்படிச் சொன்னால் சொல் பெரிதாகவும் பொருள் சிறிதாகவும் தெரியும்.

இதன் பக்கத்திலேயே நின்று குழப்புவது ரிவெட்டிங். இரும்பு வேலை தெரிந்தவர்களுக்கு ரிவெட் என்றால் விளக்கம் தேவையில்லை. இரண்டு தகடுகளை இணைக்கத் துளைவழியாகச் செருகி, மறுமுனையை அடித்துத் தட்டையாக்கிவிடும் ஆணி. கப்பல்களிலும் பாலங்களிலும் அதைச் சிவக்கக் காய்ச்சி அடிப்பார்கள், ஆறும்போது அது சுருங்கித் தகடுகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஈஃபில் கோபுரம் சுமார் 25 லட்சம் ரிவெட்களால்தான் நின்றுகொண்டிருக்கிறது. அப்படி அறைந்துவிட்ட கவனம்தான் ரிவெட்டிங். அதில் இனிமை கட்டாயமில்லை. நீதிமன்றத்தில் ஒரு சாட்சி சொல்வது, ஒரு விபத்திலிருந்து தப்பியவர் கொடுக்கும் பேட்டி, நேரலையில் ஓடும் மீட்புப் பணி, இவையெல்லாம் ரிவெட்டிங். இவற்றில் எதையாவது என்த்ராலிங் என்று எழுதினால், அடுத்தவர் துயரத்தை ரசித்தது போல ஆகிவிடும். இது வெறும் நடை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்று நான் நினைக்கிறேன். துயரம் கலந்த ஒன்றைப் பற்றி எழுதும்போது என்த்ராலிங், என்சான்ட்டிங், கேப்டிவேட்டிங் மூன்றையும் தூர வைத்துவிடுங்கள்.

கிரிப்பிங்கும் ரிவெட்டிங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் கிரிப்பிங் கதைகளோடுதான் அதிகம் ஒட்டும். அடுத்து என்ன, அடுத்து என்ன என்று பக்கத்தைத் திருப்பவைக்கும் பிடி அது. ஒரு முகத்தையோ ஒரு ஓவியத்தையோ கிரிப்பிங் என்று சொல்வதைவிட ரிவெட்டிங் என்பது சரியாக உட்காரும், அங்கே 'அடுத்து என்ன' என்ற கேள்வியே இல்லை.

என்சான்ட்டிங், சார்மிங் இரண்டும் பாட்டிலிருந்து பிறந்த சொற்கள். முன்னதற்குள் பாடுவதைக் குறிக்கும் லத்தீன் வினை இருக்கிறது, மந்திரத்தை ஓதி ஓதிக் கட்டுவது. பின்னதற்குள் கார்மென், அதாவது பாட்டு அல்லது மந்திரச் செய்யுள். மூலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் அளவு வேறு. ஒரு சின்ன வீடு, ஒரு பழைய தெரு, பேச்சில் இனிமையான ஒருவர், இவை சார்மிங். பனிமூட்டத்தில் விளக்குகள் எரியும் ஒரு தோட்டம், கனவு மாதிரி கடந்துபோன ஒரு மாலை, அது என்சான்ட்டிங். சார்மிங்கை யாருக்கு எழுதுகிறோம் என்று பார்த்துப் போடவேண்டும். ஒருவர் இரண்டு வருஷம் உழைத்து முடித்த நாவலை சார்மிங் என்று சொன்னால், தலையைத் தடவிக்கொடுத்து அனுப்பிவைப்பது போல இருக்கும். ஒரு மனிதரைச் சார்மிங் என்று சொல்லும்போது, பேச்சாலேயே காரியம் சாதிப்பவர் என்ற நிழலும் சில சமயம் கூடவே வரும். இன்னொன்று, பிரிட்டிஷ் பேச்சில் யாராவது மரியாதைக் குறைவாக நடந்துகொண்டால் 'ஓ, சார்மிங்' என்று நேர்மாறான பொருளில் சொல்வார்கள், அதனால் தனியாக ஒற்றைச் சொல்லாக அதை அனுப்பாமல் இருப்பது நல்லது.

மந்திரம் பற்றிப் பேசுவதால் ஒரு சின்ன விலகல். கிளாமர் என்ற சொல் கிராமர் என்பதன் ஸ்காட்லாந்துத் திரிபு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இலக்கணம் படித்தவர்கள் ஏதோ ரகசிய வித்தை தெரிந்தவர்களாகத் தெரிந்திருக்கிறார்கள், கிராமர் என்பதே மாயவித்தை என்ற பொருளுக்கு நழுவி, அங்கிருந்து கண்ணைக் கட்டும் அழகு என்று ஆகிவிட்டது. இலக்கணத்திலிருந்து கவர்ச்சி பிறந்த இந்தக் கதை எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் ஃபேஸினேட்டிங்!

ஸ்பெல்பைண்டிங் பேச்சுக்கும் கதைசொல்லலுக்கும் உரியது. இதில் ஸ்பெல் என்பது இன்று மந்திரம் என்றாலும் பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பேச்சு, கதை என்றுதான் பொருள். ஆக, சொல்லால் கட்டுவது. நமக்கு இது புதிதே இல்லை. சொல்வன்மை அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு குறளை 'கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்' என்று தொடங்குகிறாரே, அந்தப் பிணித்தல் கட்டிப்போடுவதுதான். ஒரு பேச்சாளரைக் கேட்டுவிட்டு "மனுஷன் கட்டிப்போட்டுட்டார்" என்று உங்களுக்குத் தோன்றினால் வேறு எதையும் தேடவேண்டாம், ஸ்பெல்பைண்டிங்கைப் போடுங்கள்.

மிச்சம் உள்ளவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கேப்டிவேட்டிங்குக்குள் கைதி இருக்கிறான். சிரிப்பு, மேடை நிகழ்ச்சி, அழகு எதற்கும் பொருந்தும், தப்பே வராது, ஆனால் விளம்பரங்களில் அடிபட்டு அடிபட்டுத் தேய்ந்துவிட்டதால் நான் அதை ரொம்பக் குறைவாகத்தான் பயன்படுத்துகிறேன். இன்ட்ரீகிங் என்றால் இன்னும் பதில் தெரியவில்லை என்று அர்த்தம், முடிச்சு அவிழாத நிலை. அவிழ்த்த பிறகும் ஆர்வம் அடங்கவில்லை என்றால்தான் அது ஃபேஸினேட்டிங். கம்பெல்லிங்குக்குள் இருப்பது துரத்துதல், நம்மை ஒரு முடிவை நோக்கித் தள்ளும் வாதம், ஆதாரம், காரணம். உங்கள் மனதையே மாற்றிய ஒரு கட்டுரையைப் பாராட்ட இதைவிட நல்ல சொல் கிடையாது. என்க்ரோஸிங் மொத்தக் கொள்முதலிலிருந்து வந்தது, சந்தைக்கு வரும் சரக்கை முழுசாக வாங்கிக் குவிப்பதைச் சொன்ன சொல். நம் கவனத்தையும் அப்படி மொத்தமாக வாங்கிக்கொள்ளும் புத்தகமோ புதிரோ என்க்ரோஸிங், தனியாக உட்கார்ந்து மூழ்கிப்போகும் விஷயங்களுக்கு. கைத்தட்டலும் கூட்டமும் உள்ள இடத்தில் அது அவ்வளவாக ஒட்டாது. அப்ஸார்பிங்கும் அதே ஜாதிதான்.

சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், அதை வாக்கியத்தில் வைக்கும்போது வழுக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, 'ஐ ஆம் ஃபேஸினேட்டிங்' என்று எழுதிவிடுவது. நான் ஆர்வத்தில் இருக்கிறேன் என்று சொல்ல நினைத்து, நானே பிறரைக் கவரும் ஆள் என்று சொல்லிவிடுகிறோம். தமிழில் இந்த வேறுபாடு நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்: மயங்கு, மயக்கு, உருகு, உருக்கு. மயங்கியவர் ஃபேஸினேட்டட், மயக்கியது ஃபேஸினேட்டிங். என்த்ரால்ட், என்த்ராலிங் என்று மற்றவையும் இப்படியேதான். வாக்கியத்தை எழுதிவிட்டு, இது தன்வினையா பிறவினையா என்று ஒரு கணம் கேட்டுக்கொண்டால் போதும்.

இரண்டாவது, வெரி. இந்தச் சொற்கள் ஏற்கெனவே உச்சியில் நிற்பவை. வெரி இன்ட்ரஸ்டிங் சரி, ஆனால் வெரி என்த்ராலிங், வெரி ரிவெட்டிங் என்றால் ஏணியின் மேல்படியில் நிற்பவரை இன்னும் ஏறச் சொல்வது போல் இருக்கிறது. அழுத்தம் வேண்டும் என்றால் ஆப்ஸல்யூட்லியோ அட்டர்லியோ போடலாம். என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம், சொல்லைத் தனியாக விட்டாலே அது தன் வேலையைச் செய்யும். எழுத்துக்கூட்டிலும் கொஞ்சம் கவனம் வேண்டும்: வினைச்சொல்லாக என்த்ரால் என்பதற்கு பிரிட்டனில் கடைசியில் ஒற்றை எல், அமெரிக்காவில் இரட்டை, ஆனால் என்த்ராலிங் என்று ஆகும்போது இரண்டு பக்கமும் இரட்டை. ரிவெட்டிங்கில் டி ஒற்றைதான், உச்சரிப்பில் அழுத்தம் முதல் அசையில். ஃபேஸினேட்டிங்கில் எஸ்ஸுக்குப் பின்னால் வரும் சி-யை எழுத்தில் விட்டுவிடக்கூடாது, ஒலியில் அது தனியாகக் கேட்காது.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு அந்த வயலின் மெயிலை மறுபடி எழுதிப் பார்த்தேன். கேப்டிவேட்டிங் போட்டுப் பார்த்தேன், யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது. ரிவெட்டிங் போட்டால் அவர் ஏதோ துப்பறியும் கதை சொன்னது போல ஆனது. தமிழில் யோசித்தேன். முதல் அரைமணி நேரம், மெதுவாக, ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், சொக்கித்தான் போயிருந்தேன். அது மெஸ்மரைஸிங். கடைசி 20 நிமிஷம் வேறு, அப்போது கண்ணைத் திறந்து நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன், அவர் எங்கே கூட்டிக்கொண்டு போகிறாரோ அங்கே போகத் தயாராக. அது என்த்ராலிங். ஒரே கச்சேரிக்கு ஒரே சொல் வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்திருக்கிறேன்.

இரண்டையும் வைத்து இரண்டு வாக்கியம் எழுதி, இத்தனை வருஷம் கழித்து அவருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அந்தக் கடைசி 20 நிமிஷத்தைத்தான் ஆறு மாசம் பயிற்சி பண்ணியிருந்தேன், யாராவது கவனிச்சாங்களான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."